ஒன்பது பாட்டில், 600 ரூபாய்: டீச்சர்களுக்குப் பொங்கல் பரிசு

கேள்வி: டீச்சர், வணக்கமுங்க. நான் திருப்பூரில் ஒரு பவர் டேபிளில், அதாவது பனியன் தைக்கிற யூனிட்டில், டெய்லராக இருக்கிறேன். பையன் ஏழாவது, பாப்பா நாலாவது, ரெண்டு பேரும் ஒரே தனியார் பள்ளி. பொங்கல் லீவு விடுவதற்கு முன்னால் ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள். ரெண்டு வகுப்புக்கும் சேர்த்து எனக்கு 1,000 ஆகிறது. தீபாவளி போனஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது. வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று பார்க்கிறேன், அதுவும் 600 ரூபாய்க்கு மேல் முடியாது. பாப்பாவுக்கு ஒரு டீச்சர், பையனுக்கு பி.டி. சாரையும் சேர்த்து ஆறு பேர். கையால் செய்ததைக் கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களோ என்றும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் அம்மணி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 33 வருடம் சாக்பீஸ் பிடித்தவள் சொல்கிறேன், மட்டமாக நினைக்க மாட்டார்கள். நினைக்கிறவர்கள் பள்ளிக்கு ஒருத்தர் இருப்பார்கள்தான், அவர்களுக்குப் பட்டுச் சேலையே எடுத்துக் கொடுத்தாலும் பார்டர் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்பார்கள், அதை விடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வீட்டு பீரோவின் மேல்தட்டைக் காலி செய்தேன். பேனா ஸ்டாண்டு மட்டும் 17 இருந்தது. தங்கக் கலரில் கிளிப் வைத்த பேனாக்கள் ஒரு டப்பா நிறைய, மை தீர்ந்தால் அதற்கு ரீஃபில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கண்ணாடிக்குள் பிளாஸ்டிக் ரோஜா. சிறந்த ஆசிரியை என்று ஆங்கிலத்தில் எழுதிய காபி கப் 9, வீட்டில் நாங்கள் இருப்பதே மூன்று பேர். எல்லாமே ஆசையாகக் கொடுத்தவை, தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொள்ள இடமும் கிடையாது. அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா நிறையப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் கிடந்தன, அதை மட்டும் கையோடு கீழே எடுத்துக்கொண்டு வந்தேன். பீரோவில் இல்லாத பரிசுகளும் உண்டு. ஒரு பையனின் அம்மா வருடா வருடம் கொடுத்துவிட்ட பருப்புப் பொடி, இன்னொரு வீட்டில் இருந்து வந்த அரிசி வடகம், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அரை லிட்டர். அதெல்லாம் ஏன் இல்லை என்றால் தின்று தீர்த்துவிட்டோம். அந்த அம்மாவின் முகம் எனக்கு மறந்துவிட்டது, பொடியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதனால் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகிற பொருளாகவோ, இல்லை தினமும் பயன்படுகிற பொருளாகவோ செய்யுங்கள், கைப்பையில் அடங்குகிற அளவில் இருக்கட்டும், அதில் ஏதோ ஒரு வேலையையாவது பிள்ளை தன் கையால் செய்திருக்கட்டும். இவ்வளவுதான் என் கணக்கு.

பணம் வசூலிக்கும் குழுவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். "நாங்கள் தனியாக ஒன்று செய்து கொடுக்கிறோம், இந்தத் தடவை எங்களைச் சேர்க்க வேண்டாம்" என்று ஒரு வரி போடுங்கள். காரணம் எழுதாதீர்கள், காரணம் எழுதினால்தான் அதன் மேல் நாலு பேர் பேசுவார்கள். நீங்கள் போட்ட பிறகு இன்னும் ரெண்டு பேர் அதையே போடுவார்கள் பாருங்கள், யாராவது முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்க வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்று 1973இல் இருந்து இருக்கிறது, பரிசு வாங்குவதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. வசூல் பண்ணி வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்து ஒரு நல்ல டீச்சரைச் சங்கடத்தில் மாட்டி விடாதீர்கள்.

பொங்கலுக்குக் கொடுக்க நினைத்ததும் நல்ல யோசனைதான். செப்டம்பர் 5 ராதாகிருஷ்ணன் பிறந்த நாள், 1962இல் இருந்து அதுதான் ஆசிரியர் தினம், அன்றைக்கு ஒரு டீச்சரின் மேசையில் ரோஜாவும் பேனாவும் குவிந்து கிடக்கும், எது யார் கொடுத்தது என்றே தெரியாது. ஜனவரியில் மேசை காலியாக இருக்கும். பனிக்காலம் வேறு, மார்கழி பூராவும் தொண்டை கட்டிக்கொண்டு, அரையாண்டுப் பேப்பர் திருத்திய கையோடு அடுத்த பாடத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு முன்னால் பையனின் கணக்கு டீச்சருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஆறு மணிக்கே வீட்டு வேலையை முடித்து, பஸ் பிடித்து, நின்றுகொண்டே ஆறு ஏழு பீரியட் கத்தி, சாக்பீஸ் தூளைத் தின்று, மதியம் ஆறிப்போன டிபன் பாக்ஸைத் திறந்து, சாயங்காலம் 40 நோட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள் அவர். தொண்டை, டிபன் பாக்ஸ், கை, தோள். இதில் எதையாவது தொடுகிற மாதிரி ஒரு பொருள் கொடுத்தால் போதும்.

தொண்டைக்குச் சுக்கு மல்லிக் காபித் தூள். உங்கள் நிலைமைக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஏழு பேருக்கும் இதையே கொடுத்துவிடலாம், யாருக்கு எது என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மல்லி அரைக் கிலோ, சுக்கு கால் கிலோ, மிளகு 50 கிராம், ஏலக்காய் 10 கிராம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பொட்டலம் கட்டிய சுக்கைவிட உதிரியாக விற்பதை வாங்குங்கள், ஒன்றை ஒடித்துப் பார்க்கலாம், உள்ளே பூச்சி அரித்து மாவு மாதிரி கொட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதனால் சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், தோலோடு சேர்ந்து மண்ணும் சுண்ணாம்பும் போய்விடும். அப்புறம் சுரண்டிய சுக்கை அப்படியே மிக்ஸியில் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன், பிளேடு வளைந்து, ஜாரின் அடியில் இருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்து, அந்த மாதம் பரிசுக்கு ஆன செலவைவிட மிக்ஸி ரிப்பேருக்கு ஆன செலவு அதிகம். முதலில் உரலிலோ அம்மிக் கல்லாலோ நாலைந்து துண்டாக இடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் மிக்ஸி. மல்லியை வாசம் வருகிற வரைக்கும் மட்டும் சிறு தீயில் வறுத்தால் போதும், சிவக்க விட்டால் கசந்துவிடும். மிளகும் ஏலக்காயும் சட்டியின் சூட்டிலேயே ஒரு புரட்டு. எல்லாவற்றையும் அரைத்துச் சலித்தால் ஆளுக்கு 100 கிராம் சுமாருக்குப் போடலாம். சலித்து நிற்கிற கப்பியைத் தூக்கிப் போட வேண்டாம், உங்கள் வீட்டுக் காபிக்கு ஆகும், நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளலாம்.

இதில் வெல்லமோ சர்க்கரையோ கலக்காமல் கொடுங்கள். ஆசிரியர்கள் அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருத்தருக்காவது சுகர் இருக்கும். கருப்பட்டி போட்டால் சுகர்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் இருக்கிறது, அது தப்பு, கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் உங்கள் வீட்டுக் காபிக்குப் போட்டுக் குடியுங்கள், அதன் ருசி வேறு. டீச்சருக்குத் தூள் மட்டும் போகட்டும். பாட்டிலில் ஒட்டுகிற சீட்டில் "ஒன்றரை டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன், ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க விடவும், இனிப்பு உங்கள் இஷ்டம்" என்று பையன் எழுதட்டும். இருமல் போய்விடும், குரல் தேன் மாதிரி ஆகிவிடும் என்றெல்லாம் எழுத வேண்டாம். சூடாக எதைக் குடித்தாலும் தொண்டைக்குக் கொஞ்சம் இதம்தான், அதற்கு மேல் அது மருந்து ஒன்றும் கிடையாது. குரல் கம்மி வாரக் கணக்கில் சரியாகாமல் இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், இதை என் கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிச் சொல்லியே என் குரல் போனது.

டிபன் பாக்ஸுக்குப் பருப்புப் பொடி. இது யாருக்கு ரொம்பப் பயன்படும் என்றால், வெளியூரில் இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு. திருப்பூர்ப் பள்ளிகளில் அப்படி நிறையப் பேர் இருப்பார்கள், காலையில் சோறு வடித்துவிட்டுக் குழம்பு வைக்க நேரம் இல்லாமல் ஓடுகிறவர்கள். எனக்கு முதல் ஆறு வருடம் அந்தப் பிழைப்புதான், அதனால்தான் அந்தப் பையன் வீட்டுப் பொடியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். பையனிடம் மெதுவாக விசாரித்துப் பாருங்கள், எந்த சார் எந்த ஊர் என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

துவரம் பருப்பு அரைக் கிலோ, பொட்டுக்கடலை 200 கிராம், வரமிளகாய் 20, மிளகும் சீரகமும் இரண்டிரண்டு ஸ்பூன், கட்டிப் பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு, கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி, உப்பு. துவரம் பருப்பு நிதானமாக, உள்ளே வரைக்கும் சிவக்க வேண்டும், மேலே மட்டும் சிவந்து உள்ளே பச்சையாக நின்றால் பொடி வாயில் ஒட்டும், வயிற்றையும் பிடிக்கும். பொட்டுக்கடலையைச் சும்மா சூடு பண்ணினால் போதும். கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அப்புறம் மொறுமொறுவென்று வறுங்கள். பூண்டு வேண்டாம், சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள், சீக்கிரமும் கெடும். தேங்காய் வேண்டவே வேண்டாம், பத்து நாளில் சிக்கு வாடை வந்துவிடும். கல்லுப்பை மறக்காமல் வெறும் சட்டியில் வறுத்துப் போடுங்கள், அதில் இருக்கிற ஈரம்தான் பொடியைக் கட்டி கட்டியாக்கும்.

அரைத்த பொடியை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஒரு மணி நேரம் ஆற விட்டுவிட்டுத்தான் பாட்டிலில் போட வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடைத்து மூடிவிட்டேன், பாட்டில் உள்ளே வேர்த்து, ஒரு வாரத்தில் மேலாகப் பூஞ்சணம். அதையும் யாருக்குக் கொடுத்திருந்தேன் என்றால் எங்கள் தலைமையாசிரியைக்கு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலை மட்டும் கழுவி, கவிழ்த்துக் காய வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்தப் பேசாமைக்கு இன்னும் எனக்குக் காது சிவக்கிறது.

பாட்டிலுக்குத் தனியாகக் காசு செலவு பண்ணாதீர்கள். காபித் தூள் பாட்டில், ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எது இருந்தாலும் சரி, அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு வாரத்தில் ஒன்பது சேர்ந்துவிடும். ஏழு டீச்சர்தானே, ஒன்பது எதற்கு என்கிறீர்களா? வருகிறேன். லேபிளைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து உரித்த பிறகும் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் தேங்காய் எண்ணெயில் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி ஊற விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். கண்ணாடியில் வாசம் போய்விடும், மூடியில் போகாது, சுக்குக் காபியில் ஆவக்காய் வாசம் அடித்தால் நன்றாகவா இருக்கும். கழுவிய பாட்டிலை ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைத்து, ராத்திரி உள்ளே ஒரு பேப்பரைக் கசக்கிப் போட்டு மூடி வைத்தால் மிச்ச வாடையையும் அது இழுத்துக்கொள்ளும்.

அடுத்து கை. இங்கேதான் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற ஊர் அம்மாக்களுக்குக் கிடைக்காத வசதி. கரும்பலகை துடைக்க நல்ல டஸ்டர் எதில் வரும் தெரியுமா? பனியன் துணியில். கடையில் விற்கிற மரப்பிடி டஸ்டர் நாலு நாளில் தூளை அழிக்காமல் பலகை பூராவும் பூசிவிடும், பஞ்சு பனியன் துணி தூளை உள்ளே பிடித்துக்கொள்ளும், துவைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் போகிறதே, சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு ஒரு கை அள்ளிக்கொள்ளுங்கள். சுத்தப் பருத்தியாகப் பார்த்து எடுங்கள், பாலியஸ்டர் கலந்தது சாக்பீஸ் தூளைத் தள்ளிவிடும். எது எது என்று உங்களுக்குத் தொட்டாலே தெரியும், அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு உறை தைத்து, உள்ளே துண்டுத் துணியைக் கெட்டியாக அடைத்து, முதுகில் விரல் நுழைகிற மாதிரி ஒரு பட்டி வைத்துவிட்டால் முடிந்தது, ஓவர்லாக்கில் உங்களுக்கு ஒன்று ஐந்து நிமிஷம்கூட ஆகாது. உங்கள் பள்ளியில் வெள்ளைப் பலகையோ ஸ்மார்ட் போர்டோ வந்துவிட்டதா என்று முதலில் பாப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகைக்கும் இந்த டஸ்டர் ஆகும், ஸ்மார்ட் போர்டுக்கு ஒன்றும் வேண்டாம்.

தோளுக்கு நோட்டுப் பை. எல்லோருக்கும் தைக்க நேரம் இருக்காது, யாராவது ஒருத்தருக்குச் செய்தால் போதும், பாப்பாவின் கிளாஸ் டீச்சருக்கு வைத்துக்கொள்ளலாம், நாலாம் வகுப்புக்கு எல்லாப் பாடத்தையும் அவர்தானே திருத்த வேண்டியிருக்கும். பனியன் துணி இதற்கு ஆகாது. 40 நோட்டு அஞ்சாறு கிலோ கனம் வரும், பின்னல் துணி இழுத்துக்கொண்டே போய் முழங்கால் வரைக்கும் தொங்கும். நெசவுத் துணிதான் வேண்டும். வீட்டில் பழைய சென்னிமலைப் போர்வை நடுவில் நைந்து ஓரம் மட்டும் நன்றாக இருந்தால் அந்த ஓரத்தை வெட்டுங்கள், அதைவிடக் கெட்டியாக ஒரு துணி இந்தப் பக்கத்தில் கிடையாது. அகலம் 14 இஞ்ச், உயரம் 16, அடியில் 5 இஞ்ச் மடிப்பு, நோட்டை ரெண்டு வரிசையாக அடுக்கிவிடலாம். தோள் பட்டி ஒன்றரை இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும், குறைந்தால் தோளில் அறுக்கும். பட்டி சேருகிற இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போடுங்கள், கனம் தாங்காமல் பிய்வது எப்போதும் அந்த இடத்தில்தான். சிவப்பு மை பேனா வைக்க உள்பக்கம் ஒரு சின்னப் பாக்கெட். அந்தப் பாக்கெட்டுக்குள் ரெண்டு சிவப்புப் பேனா போட்டுக் கொடுத்தீர்கள் என்றால், அம்மணி, அந்த டீச்சர் உங்களை மறக்கவே மாட்டார். டீச்சர் வாழ்க்கையில் எப்போது தேடினாலும் கிடைக்காத பொருள் எழுதுகிற சிவப்புப் பேனா.

கட்டிக் கொடுக்க ஜிகினா பேப்பர் எல்லாம் வேண்டாம். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் 14 வகைக்கு 2019 ஜனவரி 1இல் இருந்து தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்தது, நாம் மட்டும் ஏன் பளபளவென்று சுற்றிக் கொடுக்க வேண்டும். பாட்டிலை ஒரு சதுரத் துணியின் நடுவில் வைத்து நாலு மூலையையும் தூக்கி முடிச்சுப் போட்டால் பார்க்கவும் அழகு, அவிழ்த்த பிறகு அது கைத்துணி. மூடியின் மேல் ஜாக்கெட் பிட் ஒன்றை வட்டமாக வெட்டிக் கட்டலாம். கட்டுகிற வேலை பாப்பாவுக்கு.

செய்ய வேண்டாம் என்று நான் சொல்கிறவையும் சில உண்டு. முறுக்கு, அதிரசம் பொங்கலுக்கு எல்லார் வீட்டிலும் இருக்கும். தவிர லீவு விட்ட அன்றே பாதி டீச்சர்கள் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் மதுரைப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பார்கள், ஊர் போய்ச் சேர்வதற்குள் முறுக்கு அவல் ஆகிவிடும். குளியல் பொடி சிலர் கொடுப்பார்கள், யார் தோலுக்கு எது சேரும் என்று நமக்குத் தெரியாது, ஆண் ஆசிரியர்களுக்குக் கொடுக்கவும் கூச்சமாக இருக்கும். சாமி படம், சிலை எதுவும் வேண்டாம், சுக்கு எல்லா மதத்துக்கும் பொது. இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தால் எள்ளுருண்டை செய்யலாம், கால் கிலோ எள்ளை வெடிக்கிற வரை வறுத்து, 200 கிராம் பொடித்த வெல்லத்தோடு உரலில் இடித்தால் எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும், பாகு காய்ச்ச வேண்டியதில்லை, பாப்பாவே உருட்டலாம். அதை உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, கிளாஸ் டீச்சருக்கு நாலு உருண்டை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிடுங்கள்.

உள்ளூரிலேயே வீடு இருக்கிற டீச்சர் என்றால் இன்னொன்று, காசே ஆகாதது. கொட்டாங்குச்சியின் மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கிற கண்ணை ஆணியால் குத்தித் துளை போட்டு, மண் நிரப்பி, கற்பூரவல்லிக் கொம்பு ஒன்றை நட்டு நிழலில் வையுங்கள். ரெண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும், அதனால் அரையாண்டு லீவு விட்டதும் நட்டால்தான் பொங்கலுக்குக் கணக்கு சரியாக வரும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள், பாவம்.

இப்போது அந்த ரெண்டு பாட்டில். ஒன்று ஆயாம்மாவுக்கு. ஒன்று வேன் டிரைவருக்கு, வேனில் போகவில்லை என்றால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கு. பெற்றோர் வசூலில் இவர்கள் பெயர் ஒரு வருடமும் வந்து நான் பார்த்ததில்லை. பாப்பா எல்.கே.ஜி.யில் வாந்தி எடுத்தபோது கழுவிவிட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களுக்குப் பருப்புப் பொடி, டீச்சர்களுக்குப் போடுகிற அதே அளவு பாட்டிலில், அதே மாதிரி துணியில் கட்டி. சின்னதாக ஒன்று எடுத்து வைக்காதீர்கள், பிள்ளைகள் அதைக் கவனிக்கும். மிஞ்சுகிற பருப்புப் பொடியை ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற சாருக்குச் சுக்குத் தூளோடு சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

செலவைப் பார்த்தால், கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும், சுக்கு மல்லிச் சாமான் 300, 350 ரூபாய்க்குள், பருப்புப் பொடிச் சாமான் 150 ரூபாய் சுமாருக்கு அடங்க வேண்டும். பாட்டில், துணி, கொட்டாங்குச்சி எதற்கும் காசு கிடையாது. மிச்சத்தில் சிவப்புப் பேனாவும் சீட்டு எழுத ஒரு சார்ட் பேப்பரும் எள்ளும் வெல்லமும் வாங்கலாம். ஏலக்காய்தான் கையைக் கடிக்கும், கட்டுப்படியாகவில்லை என்றால் பாதியாகக் குறைத்துவிடுங்கள், மோசம் போகாது. பாட்டில் சேர்ப்பதும் துணி வெட்டுவதும் அரையாண்டு லீவில் நடக்கட்டும். பொடி மட்டும் அப்போதே அரைத்து வைக்க வேண்டாம், பள்ளி திறந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் வாசம் போகாமல் கையில் சேரும். அரைத்த தேதியையும் என்னென்ன போட்டது என்பதையும் சீட்டில் எழுதுங்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கடிதம், இதை விட்டுவிடாதீர்கள், என் ஸ்வீட் டப்பாவில் மிஞ்சியது அதுதான் என்று சொன்னேனே. பாட்டிலோடு ஒவ்வொருத்தருக்கும் நாலு வரி, பிள்ளை கையெழுத்தில், தப்பு இருந்தாலும் திருத்தாமல். "எங்கள் அன்பு ஆசிரியைக்கு, நீங்கள் ஒரு விளக்கு, நீங்கள் ஒரு ஏணி" என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுத வைக்காதீர்கள், அதை நாங்கள் படிப்பதே இல்லை, 40 பேரும் அதைத்தான் எழுதுவார்கள். நடந்த ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். பின்னக் கணக்கு எனக்கு வரவில்லை, நீங்கள் தோசையை வெட்டிக் காட்டினீர்கள், இப்போது வருகிறது. அவ்வளவுதான். ஒரு பையன் எனக்கு எழுதினான், "டீச்சர் நீங்க லீவு போட்ட அன்னைக்கு வேற டீச்சர் வந்தாங்க, அவங்க எங்களைத் திட்டவே இல்லை, நல்லா இல்லை" என்று. 20 வருடம் ஆயிற்று, இன்னும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, அது பாராட்டா புகாரா என்பது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. பி.டி. சாருக்கும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு யாருமே எழுதுவதில்லை, மைதானத்தில் நின்று கத்துகிற ஆளுக்குச் சுக்குக் காபி மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்படும்.

கொடுக்கிற இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கொடுக்க வேண்டாம், கொண்டு வராத பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கும், அந்த முகத்தை நான் எத்தனையோ ஆசிரியர் தினத்தில் பார்த்துவிட்டேன். காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ஆசிரியர்கள் அறை வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடட்டும். கண்ணாடிப் பாட்டில், ஏழும் ஒரே நாளில் புத்தகப் பையில் போனால் உடையும், ரெண்டு மூன்று நாளாகப் பிரித்து அனுப்புங்கள், முதலில் வெளியூர்க்காரர்களுக்கு.

சுக்கு இடிக்கிற வேலையை நீங்கள் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். பையனிடம் உலக்கையைக் கொடுங்கள், ஏழாவது படிக்கிற பையனுக்கு அந்த வலு உண்டு. கண்ணில் தூள் படாமல் கொஞ்சம் தள்ளி நின்று இடிக்கச் சொல்லுங்கள்.